அமெரிக்க செனட் உரைகளை மூலத்தில் படிப்பது எப்படி? (2009–10: மருத்துவக் காப்பீடு, நிதிச் சீர்திருத்தம், நீதிபதி நியமனம்)

முகில்

வணக்கம். 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்க செனட்டில் நடந்த மூன்று பெரிய விவாதங்களைச் செய்திச் சுருக்கமாக இல்லாமல் உரைகளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், டாட்–ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தம், நீதிபதி நியமனங்கள் ஆகியவைதான் அந்த மூன்றும். அவைக்குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டு இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் சில இடங்கள் பிடிபடவே இல்லை.

மருத்துவக் காப்பீட்டு விவாதம் முழுக்க எச்.ஆர். 3590 என்ற மசோதாவின் கீழ் இருக்கிறது. அந்த மசோதாவின் பெயரைப் பார்த்தால் ராணுவத்தினரின் வீட்டு வரிச்சலுகை என்று வருகிறது. நிதிச் சீர்திருத்தத்துக்காக வாதாடிய, ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் அதற்கான வாக்கெடுப்பிலேயே 'இல்லை' என்று வாக்களித்திருக்கிறார். ஒரு திருத்தம் 51–48 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றதாகக் குறித்திருக்கிறார்கள். சில உரைகள் அச்சில் இருக்கின்றன, ஒளிப்பதிவில் தேடினால் இல்லை. செனட்டர் டெட் காஃப்மன் பெரிய வங்கிகளைப் பற்றிப் பேசிய உரைகளை மசோதா எண்ணை வைத்துத் தேடினால் பாதிகூட வரவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மேற்கோள் எப்படிக் கொடுப்பது என்பதும் தெரிய வேண்டும்.

அவைக்குறிப்பு

முகில், நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். உரையை எடுப்பதற்கு முன், அந்த நிமிடம் அவையின் முன் என்ன நிலுவையில் இருந்தது என்று பாருங்கள். மசோதாவா, அதை எடுத்துக்கொள்ளலாமா என்ற தீர்மானமா, ஒரு திருத்தமா, விவாதத்தை முடிப்பதற்கான குளோச்சர் தீர்மானமா, அல்லது எதுவுமே இல்லையா? அதே செனட்டர் அதே வாரத்தில் பேசிய இரண்டு உரைகள் முரண்படுவதுபோல் தோன்றினால், பத்தில் ஒன்பது முறை நிலுவையில் இருந்த கேள்விதான் வேறாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: அன்றைய ரெக்கார்டின் கடைசிப் பகுதியான டெய்லி டைஜஸ்டை முதலில் திறங்கள். பக்க எண்ணுக்கு முன்னால் 'டி' எழுத்து இருக்கும். செனட் பக்கங்களுக்கு 'எஸ்', பிரதிநிதிகள் சபைக்கு 'எச்', அந்தச் சபை உறுப்பினர்கள் பின்னிணைப்பாகச் சேர்க்கும் கருத்துகளுக்கு 'ஈ'. அன்று எந்த மசோதா எடுக்கப்பட்டது, எந்தத் திருத்தம் என்ன வாக்கில் போனது, யார் யார் நியமனம் உறுதியானது என்று டைஜஸ்ட் இரண்டு மூன்று பக்கத்தில் சொல்லிவிடும். அங்கே உள்ள பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வழி தவறாது.

பெயர்ப் புதிருக்கு வருகிறேன். அரசியல் சாசனப்படி வரி வருவாய் தொடர்பான மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். காப்பீட்டுச் சட்டத்தில் வரி விதிகள் ஏராளம். ஆகவே அந்தச் சபை 2009 அக்டோபர் 8 அன்று 416–0 என்று நிறைவேற்றி அனுப்பியிருந்த ராணுவத்தினர் வீட்டு வரி மசோதாவை ரீட் கூடாக எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்ததை முழுக்க நீக்கிவிட்டுக் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றுத் திருத்தமாக வைத்தார். அதன் எண் 2786. டிசம்பர் உரைகளில் பெரும்பாலானவை இந்த 2786-ஐப் பற்றியவை, அல்லது அதன்மேல் வந்த திருத்தங்களைப் பற்றியவை. கடைசி நேரத்தில் வந்த தொகுப்புத் திருத்தம் 3276. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதிச் சீர்திருத்தத்தில் கதை தலைகீழ். செனட் விவாதித்தது எஸ். 3217-ஐ. அதன் மாற்றுத் திருத்தம் 3739. விவாதம் முடிந்த 2010 மே 20 அன்று அந்த வாசகத்தை அப்படியே எடுத்து, கீழவையிலிருந்து வந்திருந்த எச்.ஆர். 4173-க்குள் வைத்து 59–39 என்று நிறைவேற்றினார்கள். சட்டமானது 4173. அந்த எண்ணில் தேடினால் மூன்று வார விவாதமும் கையில் வராது.

காஃப்மன் உரைகள் கிடைக்காததற்கும் இதே காரணம்தான். அவர் 2010 மார்ச்சில் பேசத் தொடங்கியபோது மசோதா செனட்டில் அறிமுகமே ஆகவில்லை. செனட்டர் டாட் அதைக் கொண்டுவந்தது ஏப்ரல் 15 அன்று. மார்ச் உரைகள் 'காலை அலுவல்' நேரத்தில் பேசப்பட்டவை. பெயர்தான் காலை, மாலையிலும் வரும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்து, எந்தப் பொருளிலும் பேச விடுவார்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் ஒருமனதான சம்மதம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட உரையை மசோதா எண்ணால் பிடிக்க முடியாது. பேசியவரின் பெயரையும் தேதி வரம்பையும் கொடுத்துத் தேடுங்கள்.

அச்சில் இருந்து ஒளிப்பதிவில் இல்லாத உரைகளைப் பற்றி: உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவையில் பேசப்படாமல் எழுத்தாகக் கொடுக்கப்பட்டது என்று பொருள். 'கூடுதல் அறிக்கைகள்' என்ற தலைப்பின் கீழ் இவை நிறைய வரும். ஆனால் புள்ளி இல்லை என்பதற்காக ஒவ்வொரு சொல்லும் வாயால் பேசப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சுக்கு முன் செனட்டர்கள் தங்கள் பேச்சைச் செப்பனிடலாம். திருத்தத்தின் முழு வாசகத்தையோ ஒரு கடிதத்தையோ ரெக்கார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். செனட் ஒளிபரப்பு 1986 ஜூன் முதல் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

கயல்விழி

அவைக்குறிப்பு ஐயா அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். நான் வாக்கு எண்களைப் பற்றிச் சொல்கிறேன். உரையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்கூட அதன் முடிவைத் தவறாக எழுதிவிடுவது இங்கேதான்.

ரீட் ஏன் 'இல்லை' என்றார்? குளோச்சர் நிறைவேற 60 வாக்கு வேண்டும். தோற்றுப்போன வாக்கெடுப்பை மறுபரிசீலனைக்குக் கொண்டுவரும் தீர்மானத்தைத் தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் கொண்டுவர முடியாது. 60 கிடைக்காது என்று தெரிந்ததும் பெரும்பான்மைத் தலைவர் தன் வாக்கை 'இல்லை' என்று மாற்றிக்கொள்வார். அப்போது அவர் வென்ற பக்கத்தில் இருப்பார், மறுநாளே அதைத் திரும்பக் கொண்டுவரலாம். 2010 ஏப்ரல் 26 அன்று நிதி மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கான குளோச்சர் 57–41 என்று தோற்றது. ரீட் 'இல்லை'. 27, 28 தேதிகளிலும் தோற்றது. அதன் பிறகுதான் குடியரசுக் கட்சியினர் வழிவிட்டார்கள். மே 19 அன்று மசோதாமீதான குளோச்சர் 57–42 என்று தோற்றது, அன்றும் ரீட் 'இல்லை'. மறுநாள் 60–40 என்று வென்றது. ஆகவே வாக்குப் பட்டியலில் ரீட்டை எதிர்ப்பாளர் வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். அதே வரிசையில் உண்மையான எதிர்ப்பாளர்களும் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஃபைன்கோல்டும் கேன்ட்வெல்லும் மே 19 அன்று 'இல்லை' என்றது மசோதா போதிய அளவு கடுமையாக இல்லை என்பதற்காக. அவர்கள் உரைகளைப் படித்தால் குடியரசுக் கட்சியினரின் வாதத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும்.

51–48 என்று நீங்கள் சொல்வது டார்கனின் மருந்து இறக்குமதித் திருத்தம், 2009 டிசம்பர் 15. அந்த விவாதத்தில் பல திருத்தங்களுக்கு, 60 வாக்கு வந்தால்தான் நிறைவேறியதாகக் கொள்வது என்று ஒருமனதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்புக்கு ஒன்றிரண்டு பக்கம் முன்னாலோ, முந்தைய நாள் இரவு அவை கலையும் முன்னரோ, அந்த ஒப்பந்தத்தைத் தலைவர் வாசித்திருப்பார். அதைத் தேடிப் படிக்காமல் '51–48, தோல்வி' என்று மட்டும் எழுதினால் வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். பெண்களுக்கான நோய்த்தடுப்புச் சேவைகள் குறித்த மிகுல்ஸ்கி திருத்தம் அதே மாதம் 61–39 என்று தேறியது.

அடுத்த கண்ணி, மேசைமேல் வைக்கும் தீர்மானம். செனட்டில் ஒன்றை மேசைமேல் வைப்பது என்றால் அதைச் சாகடிப்பது. கருக்கலைப்புக் கட்டுப்பாடு குறித்த பென் நெல்சன் திருத்தம் 2009 டிசம்பர் 8 அன்று 54–45 என்று மேசையில் வைக்கப்பட்டது. அந்த 54 பேரும் திருத்தத்துக்கு எதிரானவர்கள். 'ஆம்' என்றவர்களெல்லாம் ஆதரவாளர்கள் என்று எழுதினால் ஆளை அப்படியே மாற்றிவிடுவீர்கள்.

வாக்கே நடக்காமல் போன திருத்தங்களும் முக்கியம். வங்கிகள் சொந்தக் கணக்கில் சூதாட்ட வணிகம் செய்வதைத் தடுக்கும் மெர்க்லி–லெவின் திருத்தத்துக்காக இருவரும் உருக்கமாகப் பேசியிருக்கிறார்கள். அது பிரவுன்பேக்கின் கார் விற்பனையாளர் விலக்குத் திருத்தத்தோடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைசி நாளில் பிரவுன்பேக் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார், அதன்மேல் தொங்கியதும் சேர்ந்து விழுந்தது. 'செனட் நிராகரித்தது' என்று இதை எழுதவே கூடாது. ஷெராட் பிரவுன், காஃப்மன் இருவரின் திருத்தம் வேறு. அது மே 6 அன்று வாக்குக்கு வந்து 33–61 என்று தோற்றது. ஒரு வங்கி நாட்டின் காப்பீடு செய்யப்பட்ட வைப்புகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வைப்பு அல்லாத கடன்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். காஃப்மனின் மார்ச் உரைகளைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். பேச்சில் இருந்த வாதம் சட்ட வாசகத்தில் எண்களாக இறங்கியிருப்பது தெரியும். அந்த இரண்டு ஆண்டு ரெக்கார்டில் பேச்சுக்கும் சட்டத்துக்கும் இவ்வளவு நெருக்கமான பொருத்தம் அபூர்வம் என்பது என் கருத்து.

முகில்

கயல்விழி அக்கா, அவைக்குறிப்பு ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. டைஜஸ்டிலிருந்து தொடங்கியதும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். 2009 டிசம்பரில் ஏன் அதிகாலை 1 மணிக்கெல்லாம் வாக்கெடுப்பு நடத்தினார்கள்? அடுத்தது, ஒரே காப்பீட்டு மசோதாவுக்கு ஒருவர் 848 பில்லியன் டாலர் என்கிறார், இன்னொருவர் 2.5 ட்ரில்லியன் என்கிறார். யாரோ ஒருவர் பொய் சொல்கிறாரா?

கயல்விழி

இரண்டுமே கணக்குதான்.

குளோச்சர் மனுவில் 16 செனட்டர்கள் கையெழுத்திட வேண்டும். இடையில் ஒரு நாள் கழிய வேண்டும். அதற்கடுத்த நாள் அவை கூடி ஒரு மணி நேரம் ஆனதும் வாக்கெடுப்பு. வென்றால் அதன்பின் அதிகபட்சம் 30 மணி நேர விவாதம். டிசம்பர் 19 சனிக்கிழமை ரீட் மனுக்களைத் தாக்கல் செய்தார். ஞாயிறு இடைநாள். திங்கள் பிறந்ததும், அதாவது நள்ளிரவு தாண்டியதும், அவை கூடியது. ஒரு மணி நேரம் கழித்து, அதிகாலை 1 மணிக்குப் பிறகு, 3276-மீது வாக்கெடுப்பு: 60–40. அங்கிருந்து 30 மணி நேரம் கூட்டினால் செவ்வாய் காலை 7. மறுபடி 30 கூட்டினால் புதன் மதியம். இன்னொரு 30 கூட்டினால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை. கடைசிக் கட்டத்தை மட்டும் ஒப்புதலோடு காலைக்கு இழுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 24 காலை 7 மணியளவில் 60–39 என்று நிறைவேறியது. எதிர்த்தரப்பு ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுத்தராத வாரம் அது. அந்த இரவு உரைகளில் 'ஏன் இந்த நேரத்தில்' என்ற புகார் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே காரணம். ஆளுங்கட்சி திட்டமிட்டு இருட்டில் செய்கிறது என்றார்கள் ஒரு பக்கம். மணிகளை எரிப்பது நீங்கள்தான் என்றார்கள் மறுபக்கம். விதியை அறிந்து படித்தால் இரண்டு வாதமும் எங்கே நிற்கின்றன என்பது தெளிவாகும்.

அதற்கு முன் டிசம்பர் 16 அன்று நடந்ததையும் பாருங்கள். பெர்னி சாண்டர்ஸின் 767 பக்கத் திருத்தத்தை முழுக்க வாசிக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் கோபர்ன் வலியுறுத்தினார். அன்றைய விதிப்படி வாசிப்பை விலக்க ஒருமனதான சம்மதம் தேவைப்பட்டது, ஒரே ஒருவர் மறுத்தாலே தடுத்துவிடலாம். எழுத்தர் மணிக்கணக்கில் வாசித்தார். கடைசியில் சாண்டர்ஸ் திருத்தத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்காகப் பேச வைத்திருந்த உரையைப் பேசினார். தோற்ற வாக்கு எதுவும் பட்டியலில் இருக்காது, உரை மட்டும் இருக்கும்.

இனி அந்த எண்கள். 848 பில்லியன், அதாவது 84,800 கோடி டாலர், என்பது நவம்பர் 18 அன்று காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் கொடுத்த மதிப்பீடு. காப்பீட்டை விரிவாக்கும் மொத்தச் செலவு, முதல் பத்தாண்டுக்கு. அதே அறிக்கை பற்றாக்குறை 130 பில்லியன் குறையும் என்றும் சொன்னது. ஆனால் மானியங்கள் தொடங்குவது 2014-இல். முதல் பத்தாண்டில் நாலு வருடம் செலவு கிட்டத்தட்ட இல்லை. எதிர்த்தரப்பு, முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகான பத்தாண்டை எடுத்து 2.5 ட்ரில்லியன் என்றது. மசோதா ஒன்றுதான், அளந்த காலம் வேறு. இப்படி எண் வரும்போதெல்லாம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மொத்தமா நிகரமா என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பர் வாசகத்துக்கு மதிப்பீடு 871 பில்லியன் ஆனது. தேதி பார்க்காமல் இரண்டையும் கலக்காதீர்கள்.

2010 மார்ச்சுக்குப் போனால் உரைகளின் நீளமே மாறிவிடும். குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் மாசசூசெட்ஸில் வென்றதும் ஆளுங்கட்சியின் 60 வாக்கு போய்விட்டது. மிச்ச மாற்றங்களை எச்.ஆர். 4872 என்ற ரெக்கன்சிலியேஷன் (வரவுசெலவு தொடர்பான சிறப்பு நடைமுறை) மசோதாவில் வைத்தார்கள். அதற்கு விவாதம் 20 மணி நேரம்தான், சாதாரணப் பெரும்பான்மை போதும். நேரம் தீர்ந்ததும் திருத்தங்கள் வரிசையாக வாக்குக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் தரப்புக்கு ஒரு நிமிடப் பேச்சு. அந்த ஒரு நிமிடத் துண்டுகளை வைத்து யாருடைய முழு நிலைப்பாட்டையும் கணிக்காதீர்கள்.

தாமிரபரணி

நீதிபதி நியமனத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நியமனங்கள் சட்டமியற்றும் அமர்வில் வருவதில்லை. செனட் 'நிர்வாக அமர்வு'க்கு மாறும், அதற்குத் தனி நிகழ்ச்சி நிரல் உண்டு. ஆனால் நியமனம் பற்றிய உரைகளில் கணிசமானவை அந்த அமர்வில் இருக்காது. நீதித்துறைக் குழுத் தலைவர் லேஹி, காத்திருக்கும் நீதிபதிகளின் பட்டியலோடு காலை அலுவல் நேரத்தில் பேசுவார். நிதி மசோதா நடுவே நீதிபதிப் பேச்சு வருவது இதனால்தான். யாராவது எழுந்து, இன்னின்ன பெயர்களை ஒருமனதாக உறுதிசெய்யலாம் என்று கேட்பார். எதிர்த்தரப்பில் ஒருவர் 'ஆட்சேபிக்கிறேன்' என்பார். அவ்வளவுதான், பக்கம் முடிந்தது. இந்தச் சிறிய பரிமாற்றங்களை வெறும் சடங்கு என்று தாண்டிவிடாதீர்கள். எந்தப் பெயர் எத்தனை மாதம் நின்றது என்பதற்கான நேரடிச் சான்று அதுதான்.

குளோச்சர் வாக்கையும் உறுதி வாக்கையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 7ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு டேவிட் ஹாமில்டன்: 2009 நவம்பர் 17 குளோச்சர் 70–29, இரண்டு நாள் கழித்து உறுதி 59–39. விவாதத்தை முடிக்கச் சம்மதித்த சிலர் ஆளை ஏற்கவில்லை. 4ஆம் வட்டத்துக்கு பார்பரா கீனன்: 2010 மார்ச் 2 குளோச்சர் 99–0, உறுதியும் 99–0. யாருமே எதிர்க்காதவருக்கும் குளோச்சர் மனு போட வேண்டியிருந்தது. எதிர்ப்பும் தாமதமும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை இந்த ஒரு நாள் பக்கங்கள் போல வேறெதுவும் காட்டாது. எலீனா கேகன் 2010 ஆகஸ்ட் 5 அன்று 63–37 என்று உச்ச நீதிமன்றத்துக்கு உறுதியானார். அந்த மூன்று நாள் உரைகள் நீளமானவை, ஆனால் பெரும்பாலும் முடிவு தெரிந்தபின் பேசியவை. எனக்கு அவற்றைவிடக் கீழ்நீதிமன்றச் சண்டைகள்தான் கற்றுத்தருவதாகப் படுகிறது.

தேதியை 2013 வரை நீட்டினால் நம் வாசகர்களுக்கு ஒரு நெருக்கமான பெயர் வரும். திருநெல்வேலிப் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீநிவாசன் வாஷிங்டன் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மே 23 அன்று 97–0 என்று உறுதியானார். அதே நீதிமன்றத்தின் அடுத்த மூன்று காலியிடங்களுக்கு வந்த மில்லெட், பில்லார்ட், வில்கின்ஸ் மூவரையும் குடியரசுக் கட்சி தடுத்தது. இதன் விளைவாக நவம்பர் 21 அன்று ரீட் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்குக் குளோச்சருக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றார். தலைமை வகித்தவர் இருக்கும் விதிப்படி அதை மறுத்தார். மேல்முறையீடு வந்தது. வாக்குக்கு விட்ட கேள்வி, 'தலைமையின் தீர்ப்பு நிலைக்குமா' என்பது. ஆம் 48, இல்லை 52. மாற்றத்தை விரும்பியவர்கள் 'இல்லை' என்றவர்கள். செய்திகளில் 52–48 என்று வரும், ரெக்கார்டில் 48–52 என்று இருக்கும், இரண்டும் சரி. அன்று தன் கட்சியை எதிர்த்து கார்ல் லெவின் பேசிய உரையைக் கட்டாயம் படியுங்கள். 2017 ஏப்ரலில் கோர்சச் நியமனத்தின்போது இதையே மறுபக்கம் உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டியது.

அவைக்குறிப்பு

தாமிரபரணி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நீண்ட உரையெல்லாம் ஃபிலிபஸ்டர் (வாக்கெடுப்பைத் தடுக்கப் பேசிக்கொண்டே போவது) என்று எழுதிவிடாதீர்கள். 2013 செப்டம்பர் 24–25-இல் டெட் க்ரூஸ் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிராக 21 மணி 19 நிமிடம் பேசினார். குளோச்சர் வாக்கெடுப்பின் நேரம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது, அவர் பேச்சால் அது தள்ளிப்போகவில்லை. பேசி முடித்ததும் நடந்த வாக்கெடுப்பு 100–0. அவரும் 'ஆம்' என்றார்.

மேற்கோள் முறை: தொகுதி எண், தேதி, எழுத்தோடு பக்க எண். 2009 என்றால் தொகுதி 155, 2010 என்றால் 156, 2013 என்றால் 159. நாள் பதிப்பில் 'எஸ்' எழுத்தோடு இருக்கும் பக்க எண், பல ஆண்டுகள் கழித்து வரும் கட்டுப் பதிப்பில் மாறிவிடும். கட்டுப் பதிப்பில் எழுத்தே இருக்காது, வருடம் முழுக்கத் தொடரும் எண்தான். எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துவிடுங்கள். நாள் பதிப்பின் எண்ணை எடுத்துக்கொண்டு கட்டுப் பதிப்பில் தேடுபவருக்கு வேறு யாரோ வேறு எதையோ பேசும் பக்கம்தான் கிடைக்கும். உரைக்குள் இன்னொருவர் குறுக்கே கேள்வி கேட்கும் பகுதிகளில், பத்தியின் முதலில் பெரிய எழுத்தில் வரும் குடும்பப்பெயரைப் பார்த்துப் பேசியவர் யார் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு மேற்கோள் எடுங்கள். ஒரே குடும்பப்பெயரில் இருவர் இருந்தால் மாநிலத்தின் பெயரும் சேர்ந்து வரும். 2010-இல் ஓஹையோ பிரவுனும் மாசசூசெட்ஸ் பிரவுனும் எதிரெதிர்க் கட்சியில் இருந்தார்கள்.